டோன் என்ன விலை பாஸ்?

லட்சக்கணக்கில் விலை போகும் சிக்னேச்சர் கிட்டார்கள்... அந்த சவுண்ட் பிறந்த லண்டன் தெருக்கள்... ஒரு ரவுண்டு போய் வரலாம், வாங்க!

உங்க காலேஜ் பேண்டில் லீட் கிட்டார் வாசிக்கிற ஆளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. செல்போன் வால்பேப்பரில் ஒரு கிட்டார் இருக்கும். கிளாஸில் சார் சீரியஸா ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் நடத்திட்டு இருப்பார். நம்மாளு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த கிட்டாரோட டாலர் விலையை ரூபாய்க்கு மாத்திக் கணக்கு போட்டுட்டு இருப்பார். கேட்டால், "வாசிக்கத் தெரியாம இல்ல மச்சி. அந்த டோன் வரமாட்டேங்குது. அதுக்கு அந்த கிட்டாரே வேணும்டா!" என்று பதில் வரும்.

அந்த ஆள் நீங்களேதானா? அப்போ கட்டாயம் படிங்க. வீட்டில் லோன் கேட்கிறதுக்கு முன்னாடி படிச்சா இன்னும் நல்லது.

டோன் என்றால் பெரிய மர்மம் எல்லாம் இல்லை. ஒரே ஸ்வரத்தை யேசுதாஸ் பாடினால் ஒரு மாதிரி, எஸ்.பி.பி. பாடினால் வேற மாதிரி இருக்குல்ல? அந்த 'மாதிரி'தான் டோன். எலெக்ட்ரிக் கிட்டாரில் இது விரல், பிக், கம்பி, பிக்-அப், ஆம்ப், ஸ்பீக்கர் என்று வரிசையாகப் பல கை மாறி வருது. இதில் கிட்டாரை மட்டும் எடுத்து, பிரபலமான ஒருத்தர் வைத்திருந்த மாதிரியே செஞ்சு, அவர் பெயரைப் போட்டு விற்றால் அது சிக்னேச்சர் மாடல். சிலதில் ஒரிஜினலில் இருக்கிற கீறல், பெயிண்ட் உதிர்ந்த இடம் வரைக்கும் காப்பி அடிச்சுக் கொடுப்பாங்க. ஆமாம், புது கிட்டாரில் பழைய கீறல்! அதுக்கு விலையும் ஜாஸ்தி.

ஒரிஜினலோட விலை? அதைக் கேட்கவே கூடாது. பிங்க் ஃப்ளாய்ட் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் போன விலை 39,75,000 டாலர். அன்றைய கணக்கில் 27 கோடி ரூபாய்க்கு மேல!

சரி, அந்த டோன்கள் எல்லாம் முதலில் எங்கே, எப்படிப் பிறந்தது? லண்டனில் ஊதா கலர் கோடு போட்ட எலிசபெத் லைன் ரயில் இருக்கு. 2022இல் திறந்தாங்க. அதைப் பிடிச்சு கடைத்தெருவில் ஆரம்பிச்சு, மேற்கே ஏர்போர்ட் பக்கம் வரைக்கும் போகப் போறோம். ரெடியா?

ஸ்டாப் 1: முட்டை அட்டை ஸ்டூடியோ

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்குங்க. சேரிங் க்ராஸ் ரோட்டில் இருந்து பிரிகிற குட்டித் தெருதான் டென்மார்க் ஸ்ட்ரீட். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நடந்து முடிச்சிடலாம். ஆனால், பிரிட்டிஷ் பாப் இசைக்கே இதுதான் ரங்கநாதன் தெரு! 1911இல் இங்கே முதல் மியூசிக் பதிப்பகம் வந்தது. அப்புறம் பாட்டு எழுதுறவங்க, டியூன் விற்கிறவங்க, பத்திரிகைகள், ஸ்டூடியோக்கள், கடைசியில் கிட்டார் கடைகள் என்று தெருவே நிறைஞ்சுடுச்சு. பக்கத்தில் ரயில் வேலை, புதுக் கட்டிடங்கள் என்று வந்ததில் பல கடைகள் காலி. 12 பார் கிளப் என்ற பேமஸ் இடம் 2015இல் மூடப்பட்டது. ஆனாலும் ஜன்னல் முழுக்க கிட்டார் தொங்குகிற தெரு என்ற பெயர் போகலை.

4ஆம் நம்பர் வாசலில் நில்லுங்க. 'ரீஜன்ட் சவுண்ட்ஸ்'. 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்களோட முதல் ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணிய ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. ஹைடெக்கான இடம் என்று நினைச்சா ஏமாந்துடுவீங்க. சின்ன ரூம். எதிரொலியைக் குறைக்க சுவரில் முட்டை வைக்கிற அட்டைகளை ஒட்டியிருந்தாங்க. தனித்தனி டிராக் எல்லாம் கிடையாது. எல்லோரும் ஒண்ணா வாசிக்கணும், ஒருத்தர் வாசிக்கிறது அடுத்தவர் மைக்கில் விழும். ஆல்பத்தைக் கேட்டால் ஒரு முரட்டுத்தனம் இருக்கும் பாருங்க, அதுக்கு அந்த ரூமும் ஒரு காரணம்.

எந்த சிக்னேச்சர் கிட்டார் டப்பாவுக்குள்ளேயும் அந்த ரூமை மடிச்சு வைக்க முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மேலே நடப்போம்.

ஸ்டாப் 2: ஒரு காந்தம், மூணு டோன்

ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்டுக்கு வடக்கே ஈஸ்ட்காசில் ஸ்ட்ரீட். நடந்தே போயிடலாம். 2024 பிப்ரவரியில் கிப்சன் கம்பெனி இங்கே 'கிப்சன் கராஜ்' என்று பெரிய ஷோரூம் திறந்தது. கிட்டார் பைத்தியங்களுக்கு இது மிட்டாய்க்கடை.

அதே 2024இல் கிப்சன் வெளியிட்ட ஒரு மாடலைச் சொல்றேன். லெட் செப்பலின் ஜிம்மி பேஜ் மேடையில் மாட்டிக்கிட்டு நின்ன ரெட்டைக் கழுத்து கிட்டார். மொத்தமே 50 பீஸ். ஒண்ணு 50,000 டாலர். நம்ம காசில் 40 லட்சத்தைத் தாண்டும். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டு என்றாலே எல்லோர் மனசிலும் அந்த ரெட்டைக் கழுத்துதான் வரும்.

ஆனால், விஷயம் தெரியுமா? 1971இல் வந்த ரெக்கார்டில் அந்த சோலோவை அவர் வாசிச்சது ரெட்டைக் கழுத்தில் இல்லை! நண்பர் ஜெஃப் பெக் கொடுத்த பழைய டெலிகாஸ்டரில். அப்புறம் எதுக்கு ரெட்டைக் கழுத்து? மேடையில் அந்தப் பாட்டுக்கு 12 கம்பியும் வேணும், 6 கம்பியும் வேணும். நடுவில் கிட்டார் மாத்த நேரம் இல்லை. அவ்வளவுதான். அது டோனுக்கு வந்த கிட்டார் இல்லை, மேடை அவசரத்துக்கு வந்த கிட்டார்.

இன்னொரு கதை. ஃப்ளீட்வுட் மேக் குழுவை 1967இல் ஆரம்பிச்ச பீட்டர் கிரீன், ஒரு 1959 மாடல் லெஸ் பால் வைத்திருந்தார். செல்லப் பெயர் 'கிரீனி'. அதில் ரெண்டு பிக்-அப்பையும் ஒண்ணா ஆன் பண்ணினால் மூக்கடைச்ச மாதிரி, குகைக்குள்ளே இருந்து வர்ற மாதிரி ஒரு விநோத சவுண்ட் வரும். பல வருஷம் ஆளாளுக்கு மண்டையைப் பிய்ச்சுக்கிட்டாங்க. காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு பிக்-அப்புக்குள் காந்தம் தலைகீழா இருந்தது. அது ஃபேக்டரியிலேயே நடந்ததா, ரிப்பேரில் நடந்ததா என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வாங்க. பிளஸ் டூ பிசிக்ஸ்தான்: ஒரு அலை மேலே போகும்போது இன்னொண்ணு கீழே வந்தால் ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும். அடிக் குரல் காணாமல் போய், மிச்சம் இருக்கிறது மட்டும் காதில் விழும்.

அந்த கிட்டார் 1970களின் தொடக்கத்தில் கேரி மூர் கைக்குப் போனது. 2014இல் மெட்டாலிகா கிர்க் ஹேம்மெட் வாங்கினார். 2023இல் கிப்சன் அதைச் சிக்னேச்சர் மாடலாகவும் கொண்டுவந்தது. இப்போ மூணு பேர் வாசிச்சதையும் தேடிப் பிடிச்சுக் கேளுங்க. பீட்டர் கிரீன் மெதுவா, இடைவெளி விட்டு ஏங்குவார். கேரி மூர் கொதிப்பார். ஹேம்மெட் மெட்டாலிகா ஆளாகவே இருப்பார். கிட்டார் ஒண்ணு, மரம் ஒண்ணு, அந்தக் கோணல் காந்தமும் ஒண்ணு. டோன் மட்டும் மூணு!

ஸ்டாப் 3: ஹென்ட்ரிக்ஸ் வீட்டு மாடி

அடுத்து பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். ப்ரூக் ஸ்ட்ரீட்டில் 23, 25 என்று பக்கத்துப் பக்கத்து வீடுகள். 25இல் 18ஆம் நூற்றாண்டின் இசை மேதை ஹேண்டல் வாழ்ந்தார். 23இன் மாடியில் 1968-69இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், காதலி கேத்தி எட்சிங்ஹாமோடு வாழ்ந்தார். வாடகை வாரம் 30 பவுண்ட். நடுவில் ஒரு சுவர், இரண்டு நூற்றாண்டு இடைவெளி! ரெண்டு வீட்டு வாசலிலும் நினைவுப் பலகை இருக்கு. ஹென்ட்ரிக்ஸ் ரூமை அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே அலங்கரிச்சு 2016இல் மக்கள் பார்க்கத் திறந்தாங்க. டிக்கெட் உண்டு. எல்லா நாளும் திறக்க மாட்டாங்க, பார்த்துட்டுப் போங்க.

உள்ளே போனால் கலர் கலரா திரைச்சீலை, குஷன், கட்டில். ராக் உலகத்தையே புரட்டிப் போட்டவர் திரைச்சீலை வாங்கினது ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் ஜான் லூயிஸ் கடையில். நம்ம வீட்டில் தீபாவளிக்கு ஜவுளிக்கடை போற மாதிரிதான்.

ஹென்ட்ரிக்ஸ் இடது கைக்காரர். இடது கை கிட்டார் அப்போ சுலபமா கிடைக்காது. என்ன செஞ்சார்? வலது கை ஸ்ட்ராட்டோகாஸ்டரை அப்படியே தலைகீழா திருப்பி, கம்பிகளை மட்டும் மாத்திக் கட்டிக்கிட்டார். ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பக்கத்து பிக்-அப் சாய்வாக இருக்கும். கிட்டார் தலைகீழானதும் அந்தச் சாய்வும் மாறிப் போச்சு. அதனால் தடிச்ச கம்பிகள் கொஞ்சம் பளிச்சென்று, மெல்லிய கம்பிகள் கொஞ்சம் குளுமையாகக் கேட்கும். வால்யூம் நாப் வேற மேலே வந்து உட்கார்ந்துக்கிச்சு.

2015இல் ஃபெண்டர் கம்பெனி ஹென்ட்ரிக்ஸ் பெயரில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கொண்டுவந்தது. யாருக்கு? வலது கைக்காரர்களுக்கு! தலைப்பகுதியைத் திருப்பி, பிக்-அப் சாய்வையும் திருப்பி வெச்சுக் கொடுத்தாங்க. அதாவது, கைக்கு ஏத்தது கிடைக்காததால் ஒருத்தர் செஞ்ச அட்ஜஸ்ட்மென்ட்டை, எல்லாம் கிடைக்கிறவங்க காசு கொடுத்து வாங்குறாங்க. சிரிப்பா இருக்குல்ல? ஆனால், பொய் இல்லை. அந்தச் சாய்வு சவுண்டை நிஜமாவே கொஞ்சம் மாத்தும். கொஞ்சம்தான்.

ஸ்டாப் 4: பதினெட்டு வயசுப் பையனும் ஆம்பும்

மறுபடியும் ஊதா ரயில். ஈலிங் தாண்டி ஹான்வெல். டூரிஸ்ட் யாரும் எட்டிப் பார்க்காத அமைதியான புறநகர். இன்னும் ஒரு ஸ்டேஷன் போனால் சவுத்தால், சமோசா வாசனையே உங்களைக் கீழே இறக்கிடும். ஆனால், ஹான்வெல்லிலேயே இறங்குங்க. நடக்கிற தூரத்தில் அக்ஸ்பிரிட்ஜ் ரோடு, 76ஆம் நம்பர். 1960இல் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் வாத்தியார் இசைக்கருவிக் கடை திறந்த இடம். சுவரில் நினைவுப் பலகை இருக்கு. ராக் கச்சேரி படம் எதைப் பார்த்தாலும் பின்னாடி கறுப்பா மலை மாதிரி அடுக்கி வெச்சிருப்பாங்களே மார்ஷல் ஆம்ப், அதோட ஊர் இதுதான்!

கடைக்கு வர்ற பசங்க கேட்டது அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப். ஆனால், இறக்குமதி விலை தலைசுத்த வைக்கும். "நாமே ஒண்ணு செஞ்சா என்ன?" என்று கடையில் வேலை பார்த்த கென் ப்ரான் இறங்கினார். கூட டட்லி க்ரேவன் என்ற இ.எம்.ஐ. கம்பெனி அப்ரென்டிஸ். வயசு 18. ஆமாம், உங்க வயசு! ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை மாதிரியா வெச்சு 1962இல் வேலையை ஆரம்பிச்சாங்க. ஆனால், பாகங்கள் எல்லாம் இங்கிலாந்தில் கிடைச்சது. முதல் ஸ்டேஜில் வேற வால்வு. ஸ்பீக்கர், பிரிட்டிஷ் செலெஸ்டியன். அமெரிக்க ஆம்பில் பின்பக்கம் திறந்திருக்கும், இவங்க பெட்டியை மூடிட்டாங்க. விளைவு? சவுண்டை ஏத்தினால் சீக்கிரமே கரகரன்னு உடைய ஆரம்பிச்சது. அந்தக் கரகரப்புதான் பின்னாடி ராக் இசையோட குரலே ஆயிடுச்சு.

1966இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்துக்காக எரிக் கிளாப்டன் ஒரு லெஸ் பாலை மார்ஷல் ஆம்பில் செருகி, ஸ்டூடியோவில் மேடையில் வாசிக்கிற சத்தத்திலேயே வாசிச்சார். அந்த டோனைக் கேட்டுக் கிறங்காத கிட்டாரிஸ்ட் கிடையாது. இத்தனைக்கும் அந்த மாடல் சரியா விற்கலை என்று கிப்சன் 1960களின் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தது. கேட்கிறவங்க கூட்டம் கூடினதும் 1968இல் மறுபடி தயாரிக்க ஆரம்பிச்சாங்க.

கிளாப்டனோட அந்த கிட்டார் என்ன ஆச்சு? 1966லேயே திருடு போயிடுச்சு! 2010இல் கிப்சன் அதே மாதிரி கிட்டாரை விற்பனைக்கு விட்டது. கவனிங்க, ஒரிஜினல் கையில் இல்லாமலே! திருடு போனவர் என்ன ஆனார்? வேற கிட்டார்களை எடுத்தார், வாசிச்சார், கிளாப்டனாகவே இருந்தார்.

குட்டி தகவல்: இந்தக் கடையில் சனிக்கிழமை வேலை பார்த்த, மார்ஷலிடம் டிரம்ஸ் கத்துக்கிட்ட மிட்ச் மிட்செல்தான் அப்புறம் ஹென்ட்ரிக்ஸோட டிரம்மர். அதைவிட ஆச்சர்யம், ஹென்ட்ரிக்ஸோட முழுப் பெயர்: ஜேம்ஸ் மார்ஷல் ஹென்ட்ரிக்ஸ்!

ஸ்டாப் 5: அடுப்பு மேடையில் இருந்து அரண்மனைக்கு

கடைசி ஸ்டாப் ஃபெல்தாம். இங்கே ஊதா ரயில் வராது. ஹீத்ரோ ஏர்போர்ட்டில் இருந்து பஸ், அல்லது வாட்டர்லூவில் இருந்து வேற ரயில். தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்கிற, சாதாரண மிடில் கிளாஸ் வீடுகள் வரிசையா நிற்கிற ஊர். க்வீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி குடும்பம் இங்கே குடிவந்த வீட்டில் 2016இல் நினைவுப் பலகை வெச்சாங்க. இப்போதும் ஆட்கள் குடியிருக்கிற தெரு, ரோட்டில் நின்னே பார்த்துட்டு வந்துடுங்க.

இதே ஊரில் ஒரு ஸ்கூல் பையன். பெயர் பிரையன் மே. ஆசை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல. வீட்டில் அதுக்கு வசதி இல்லை. அப்பா ஹெரால்ட் எலெக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச மனுஷன். 1963இல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து தாங்களே ஒரு கிட்டார் செய்ய உட்கார்ந்தாங்க.

லிஸ்ட்டைப் பாருங்க. கழுத்துக்கு, யாரோ கழட்டிப் போட்ட பழைய கணப்பு அடுப்பின் மேல்பலகை. அதில் புழு அரிச்ச ஓட்டையைத் தீக்குச்சி வெச்சு அடைச்சாங்க. உடம்புக்கு, பழைய மேஜையோட ஓக் மரம். கம்பியை இழுத்து ஆட்டுற டிரெமலோவுக்குப் பழைய மோட்டார் பைக்கின் வால்வு ஸ்பிரிங். அதோட கைப்பிடிக்கு, சைக்கிள் சீட்டுப் பையைத் தாங்குற கம்பி. நுனியில் அம்மாவோட ஸ்வெட்டர் பின்னுற ஊசி. ஃப்ரெட் போர்டில் இருக்கிற புள்ளிகள், முத்துச்சிப்பிச் சட்டைப் பட்டன். பிக்-அப் மட்டும் கடையில் வாங்கினது. முடிக்க சுமார் ரெண்டு வருஷம் ஆச்சு.

அதுதான் 'ரெட் ஸ்பெஷல்'! க்வீன் பாட்டுகளில் நீங்க கேட்கிற அந்தக் குரல். 2002இல் எலிசபெத் ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரை மேலே நின்னு பிரையன் மே வாசிச்சது இந்த கிட்டாரைத்தான். பிக்குக்குப் பதிலா அவர் பிடிக்கிறது ஆறு பென்னி நாணயம். 1980இலேயே செல்லாமல் போன காசு! ஆம்ப் விஷயத்திலும் இதே கதை. கூட வாசிச்ச ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து குட்டி ஆம்ப் செஞ்சு கொடுத்தார். க்வீன் ரெக்கார்டுகளில் வயலின், ட்ரம்பெட் மாதிரி கேட்கிற பல கிட்டார் பகுதிகள் அதில் பிறந்தவை.

படிப்பும் சும்மா இல்லை. இசைக்காகப் பாதியில் விட்ட வானியற்பியல் ஆராய்ச்சியை முடிச்சு, 2007இல் இம்பீரியல் காலேஜில் டாக்டர் பட்டமும் வாங்கிட்டார். அரியர் இருக்கிறவங்க கவனிக்கவும்!

அவரோட கிட்டாருக்கும் இன்னைக்கு சிக்னேச்சர் மாடல் இருக்கு. கடையில் கிடைக்கும். ஆனால், அதோட அந்த ரெண்டு வருஷமும், பக்கத்தில் உட்கார்ந்து மரம் இழைச்ச அப்பாவும் கிடைக்க மாட்டாங்க.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை பாஸ். நல்ல சிக்னேச்சர் கிட்டார் நல்ல வாத்தியம். சுருதி நிற்கும், கைக்கு இதமா இருக்கும். பிடிச்ச கலைஞன் பெயர் அதில் இருக்கிறது தனி சந்தோஷம். கையில் காசு இருந்தால் தாராளமா வாங்குங்க. ஆனால், நாம சுத்தி வந்த ஸ்டாப்புகளை ஒருமுறை திரும்பிப் பாருங்க. ஹென்ட்ரிக்ஸுக்குத் தன் கைக்கு ஏத்தது கிடைக்கலை. ஹான்வெல் பசங்களால் அமெரிக்க ஆம்ப் வாங்க முடியலை. பிரையன் மே வீட்டில் பணம் இல்லை. கிடைச்சதை வெச்சு அவங்க சமாளிச்சதைத்தான் இன்னைக்கு நாம 'அந்த டோன்' என்று சொல்லித் தேடுறோம். அவங்க சமாளிச்சதை விலைக்கு வாங்கலாம். உங்க கைக்கும், உங்க ரூமுக்கும், உங்க ஆம்புக்கும் எது சரிவரும் என்பதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். அப்பா அம்மாவைக் கடனாளி ஆக்கி வாங்கின கிட்டாரும், பிளக்கைச் செருகின முதல் நிமிஷம் உங்க விரல் பேசுறதைத்தான் பேசும்.

பாக்கெட் மணி டிப்ஸ்!

* பிடிச்ச பாட்டில் நிஜமா எந்த கிட்டார், எந்த ஆம்ப் என்று முதலில் தேடுங்க. போஸ்டரில் இருக்கிறது வேற, ரெக்கார்டில் இருக்கிறது வேறயா இருக்கலாம்.

* ரெண்டு ஹம்பக்கர் பிக்-அப் உள்ள கிட்டாரா? கிரீனி சவுண்ட் வேணும்னா நல்ல டெக்னீஷியனிடம் ஒரு பிக்-அப்போட காந்தத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்க. புது கிட்டார் விலைக்கு முன்னாடி இந்தக் கூலி ஒண்ணுமே இல்லை.

* கிட்டாரில் இருக்கிற வால்யூம், டோன் நாப்களைப் பத்திலேயே வெச்சுட்டு மறந்துடாதீங்க. ஏழில் ஒரு டோன், நாலில் ஒரு டோன் ஒளிஞ்சிருக்கும்.

* வீட்டு உண்டியலில் பழைய 25 பைசா இருக்கா? 2011லேயே செல்லாமல் போன காசுதான். அதைப் பிக் மாதிரி பிடிச்சு மெதுவா வாசிச்சுப் பாருங்க. கம்பி சீக்கிரம் தேயும், ஜாக்கிரதை.

* நீங்க வாசிக்கிறதை செல்போனில் ரெக்கார்ட் பண்ணி மறுநாள் காலையில் கேளுங்க. எதை மாத்தணும், எதை விடணும் என்று அதுவே சொல்லும்.